ஹிப்னாடிசத்தால் கண் பார்வை திரும்புமா?

திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 64. கண் அழுத்த நோயால் பக்கப் பார்வை பெருமளவு போய்விட்டது. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் மைனஸ் 4 பவரில் கண்ணாடி அணிகிறாள். ஹிப்னாடிசப் பயிற்சி நடத்தும் ஒருவர், சில அமர்வுகளிலேயே மகளின் கண்ணாடியைக் கழற்றிவிடலாம், அப்பாவுக்கும் பார்வை தெளியும், ஆனால் பயிற்சி முடியும்வரை சொட்டு மருந்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாராம். இது உண்மையா, இதுவும் நம் ஊரில் பேசப்படும் நோக்குவர்மமும் ஒன்றா, கண் நோய் உள்ளவர்களுக்கு ஹிப்னாடிசத்தால் பயனே இல்லையா என்பவை அவருடைய கேள்விகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அப்பாவின் சொட்டு மருந்தை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். எவர் சொன்னாலும் சரி, கண் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். பார்வை குறைந்தவர்களுக்கு மனநல ஆலோசனை தரும் பணியில் இருப்பவன் நான். தேவைப்படும் இடத்தில் ஹிப்னாடிசத்தையும் பயன்படுத்துகிறவன். அதன் மேல் மதிப்பு வைத்திருப்பதாலேயே, அது செய்யாத வேலையை அதன் பெயரில் விற்பதைக் காணும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. ஹிப்னாடிசம் கண்ணை மாற்றாது. அந்தக் கண்ணோடு வாழ்கிற மனிதருக்கு அது பல வகையில் உதவும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

நோக்குவர்மம் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் குமரி மாவட்டத்தில் ஹிப்னாடிசம் என்றதும் பலர் மனத்தில் வருவது அதுதான். கண்ணால் நோக்கியே எதிரியை நிலைகுலையச் செய்யும் ஆசான்மார்களைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் வர்ம ஆசான்மாரிடம் போகும் வழக்கம் இங்கே இன்றும் இருக்கிறது. அந்த மரபைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் ஹிப்னாடிசத்தில் சிகிச்சையாளரின் கண்ணுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. 1841-இல் மான்செஸ்டர் நகரில் ஒரு மனவசிய மேடை நிகழ்ச்சியைப் பார்த்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், ஒரு பொருளையே இமைக்காமல் உற்றுப் பார்க்கும்போது கண் களைத்து, கவனம் ஒரு புள்ளியில் குவிந்து, அறிதுயில் எனப்படும் ஹிப்னாடிச நிலை தானாகவே வருகிறது என்பதைச் சோதித்துக் கண்டார். அதற்கு அவர் பயன்படுத்தியது தம்முடைய அறுவைக் கத்தி வைக்கும் சிறு பெட்டியைத்தான். அவருக்கும் முன்பே, கோவாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த பாதிரியார் ஃபாரியா, இதன் காரணம் செய்பவரிடம் இல்லை, செய்துகொள்பவரின் மனத்திலேயே இருக்கிறது என்று சொல்லியிருந்தார். முற்றிலும் பார்வையற்ற ஒருவரைக் குரல் ஒன்றைக் கொண்டே இந்த நிலைக்குக் கொண்டுவர முடிகிறது என்பதே, இதில் கண்ணிலிருந்து கண்ணுக்குப் பாய்வது எதுவும் இல்லை என்பதற்குப் போதுமான சான்று.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் கைகூடுவதும் இல்லை. 1950-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால், பத்துப் பேரில் ஒருவர் அல்லது சற்றுக் கூடுதலானோர் மிக எளிதில் ஆழ்ந்த நிலைக்குப் போகிறார்கள். ஏறக்குறைய அதே அளவினருக்கு அது வசப்படுவதே இல்லை. மற்றவர்கள் இடையில் இருக்கிறார்கள். ஆகவே வந்த அத்தனை பேருக்கும் பலன் உறுதி என்று யாராவது சொன்னால், அவர் இத்துறையின் அரிச்சுவடியைக்கூடப் படிக்கவில்லை என்று கொள்ளலாம்.

இனி மகளின் கண்ணாடி. வளர்ந்த மனிதரின் கண் முன்பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கிட்டப்பார்வை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நீளம் கூடிப்போயிருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வரை மைனஸ் பவர் வரும். மைனஸ் 4 என்றால், குழந்தையின் கண் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக நீண்டிருக்கக்கூடும் என்று பொருள். நீண்டுவிட்ட கண்ணை எந்தச் சொல்லும் சுருக்காது. 1920-இல் வில்லியம் பேட்ஸ் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண்ணைச் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கமே பார்வைக் குறைவுக்குக் காரணம், அந்த இறுக்கம் தளர்ந்தால் கண்ணாடி தேவைப்படாது என்று எழுதினார். பார்வைப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுவது பெரும்பாலும் அந்தக் கருத்துத்தான். பார்வையை அருகுக்கும் தொலைவுக்கும் மாற்றிக் குவிப்பது கண்ணின் உள்ளே இருக்கும் லென்சும் அதைத் தாங்கும் சிறு தசையும் என்பதால், அவருடைய விளக்கம் நிற்கவில்லை.

அப்படியானால் அமர்வு முடிந்து வெளியே வருகிறவர்கள் எழுத்துப் பலகையில் இரண்டு வரி கூடுதலாகப் படிக்கிறார்களே, அது எப்படி என்று கேட்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1972-இல் கிரஹாம், லைபோவிட்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு அறிதுயில் நிலையில் பார்வை தெளியும் என்ற கருத்தை ஊட்டியபோது, அவர்கள் படித்த எழுத்தின் அளவு உண்மையாகவே மேம்பட்டது. ஆனால் லேசர் ஒளியைக் கொண்டு அவர்களுடைய கண்ணின் பவரை அளந்தபோது அது இருந்த இடத்திலேயே இருந்தது. மங்கலாகத் தெரிவதை மூளை முன்னைவிடக் கூர்ந்து கவனித்து ஊகிக்கிறது. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கம் குறைகிறது. அதனால் அதிகம் படிக்க முடிகிறது. இது சுவையான செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பறையின் கடைசி பெஞ்சிலிருந்து நாள் முழுவதும் கரும்பலகையைப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு இந்த ஊகம் எத்தனை நேரம் தாங்கும்? கண்ணாடி இல்லாமல் அனுப்பினால் தலைவலியும் மதிப்பெண் குறைவும்தான் மிஞ்சும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சில பிள்ளைகளுக்குப் படிப்பும் கைபேசியும் மன அழுத்தமும் சேர்ந்து, கண்ணுக்குள் இருக்கும் அந்தக் குவிதசை இறுகிப்போய்த் தளராமல் நிற்கும். சோதித்தால் மைனஸ் பவர் காட்டும். ஆனால் அது போலிக் கிட்டப்பார்வை. தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் சொட்டு மருந்தை விட்டு, கண் பாப்பா விரிந்தபின் மறுபடி பவரை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். இத்தகைய பிள்ளைகளுக்கு மனத்தைத் தளர்த்தும் பயிற்சிகள் துணை செய்யும் என்று நம்ப இடமுண்டு. உங்கள் மகளுக்குச் சொட்டு மருந்து விட்டு அளந்திருக்கிறார்களா என்று பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அளந்தபின்னும் மைனஸ் 4 தான் என்றால் கண்ணாடியைத் தொடரட்டும். பவர் மேலும் ஏறாமல் தடுக்க, தினமும் இரண்டு மணி நேரமாவது வெளிச்சத்தில் வெளியே விளையாடுவதும், மருத்துவர் தேவை என்று கருதினால் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் உதவும்.

அப்பாவின் நிலை வேறு. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. கண் அழுத்த நோயில் அந்த இழைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. செத்த இழை மறுபடி முளைப்பதில்லை. மருந்தின் வேலை எஞ்சியிருப்பதைக் காப்பது. கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நோயாளிக்கு, சிகிச்சைக்கு முன் இருந்ததைவிடத் தாழ்வான ஓர் இலக்கை மருத்துவர் குறித்துவைத்திருப்பார். சொட்டு மருந்தை நிறுத்தினால் சில நாள்களிலேயே அழுத்தம் ஏறத் தொடங்கும், ஆனால் வலி இராது, கண் சிவக்காது, மங்கலும் உடனே தெரியாது. இந்த நோயின் கொடுமையே அதுதான். பயிற்சிக் கூடத்தில் மனம் லேசாகி, உற்சாகம் கூடி, பார்வை தெளிந்ததுபோல் அப்பா உணர்வார். அதே வாரங்களில் நரம்பு கருகிக்கொண்டிருக்கும். இழந்தது எவ்வளவு என்பது, பார்வை வட்டத்தை அளக்கும் அடுத்த ஃபீல்டு டெஸ்டில்தான் தெரியவரும், அப்போது திருப்பிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

மனத்துக்கும் கண் அழுத்தத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் கண் அழுத்த நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மருந்தை நிறுத்தாமல், அதனோடு சேர்த்து தியானமும் செய்தவர்களுக்குக் கண் அழுத்தமும் மன அழுத்தத்தின் அடையாளங்களும் குறைந்தன. மருந்தோடு சேர்த்து என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்: இத்தகைய முகாம்களில் யோகாசனத்தையும் கலந்து சொல்லிக்கொடுப்பது உண்டு, சிரசாசனம் போலத் தலை கீழாக நிற்கும் ஆசனங்கள் கண் அழுத்தத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கும் என்பதால், அப்பா அவற்றின் பக்கமே போகக் கூடாது.

பார்வை மருத்துவத்தில் மனவசியத்தின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்த கதை பழையது. ஹிப்னாடிசத்துக்கு முன்னோடியான ஒரு முறையை, உடலில் பாயும் ஒருவகைக் காந்த சக்தி என்று சொல்லி நடத்திய மெஸ்மர் என்ற மருத்துவர், 1777-இல் வியன்னாவில், சிறு வயதிலிருந்தே பார்வையற்றிருந்த மரியா தெரசியா ஃபான் பாரடிஸ் என்ற பியானோ கலைஞருக்குப் பார்வை வரவழைத்துவிட்டதாக அறிவித்தார். மருத்துவர்கள் ஐயப்பட்டார்கள், பெற்றோர் மகளை மீட்டுக்கொண்டு போனார்கள், அவர் வாழ்நாள் முழுவதும் பார்வையற்றவராகவே இருந்தார். பார்வையில்லாமலேயே ஐரோப்பிய நகரங்களில் வாசித்துப் புகழ்பெற்றார். 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த, பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாசியேவும் இடம்பெற்ற குழு, மெஸ்மர் சொன்ன காந்தப் பாய்வு என்று ஒன்று இல்லை, வேலை செய்வது கற்பனையே என்று முடிவு செய்தது. கற்பனை வேலை செய்கிறது என்பதும் ஒரு கண்டுபிடிப்பே. ஆனால் அதற்கு உரிய இடத்தில்தான் அது வேலை செய்யும்.

அந்த இடங்களில் முதன்மையானது, கண்ணில் பழுது இல்லாமலேயே பார்வை போவது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளிடம் இதை அதிகம் காண்கிறோம். கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். திடீரென்று இரண்டு கண்ணும் மங்கிவிட்டன, பலகையில் மேல் எழுத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்றாள். ஆனால் நாற்காலியில் மோதாமல் வந்து அமர்ந்தாள். கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட உருளையை முன்னால் சுழற்றியபோது அவளுடைய கண்கள் கோடுகளோடு ஓடி ஓடித் திரும்பின. பார்வை இல்லாத கண் அப்படி ஓடாது. ஒரு மீட்டரில் நின்று அளந்த பார்வை வட்டம், இரண்டு மீட்டருக்குத் தள்ளி அளந்தபோதும் அதே அகலத்தில் இருந்தது. உண்மையான நோயில் தொலைவு கூடக் கூட வட்டமும் அகல வேண்டும். பவரே இல்லாத வெற்றுக் கண்ணாடியைப் போட்டு, இது சக்தி வாய்ந்த லென்ஸ், மெதுவாகப் படித்துப் பார் மக்களே என்று மருத்துவர் சொன்னதும் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள்.

இதைப் பார்த்ததும் வீட்டார் சொல்லும் முதல் சொல், நடிக்கிறாள் என்பது. அது தவறு. அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே தெரியவில்லை. மனத்தில் தாங்க முடியாத ஏதோ ஒன்று, பார்வையின் வழியை அடைத்து நிற்கிறது. அதைத் திட்டித் திறக்க முடியாது. கண் நன்றாக இருக்கிறது, பார்வை சிறுகச் சிறுகத் திரும்பும் என்று உறுதியாகச் சொல்வதே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதும். போதாதவர்களுக்கு அறிதுயில் நிலையில், விடிந்துவரும்போது வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுவதைப் போல ஒவ்வொரு நாளும் சற்றுக் கூடுதலாகத் தெரியும் என்ற கருத்தை ஊட்டுகிறோம்; அது பிள்ளையின் மானத்தைக் காத்து, வெளியே வர ஒரு வழி கொடுக்கிறது. கூடவே, எதற்காக அந்த மனம் கண்ணை மூடிக்கொண்டது என்பதையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். தேர்வு பயமாக இருக்கலாம், வீட்டுச் சண்டையாக இருக்கலாம், வெளியே சொல்ல முடியாத தொல்லையாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குச் சிறிது ஐயம் இருந்தாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைப்பது பெரியவர்களின் கடமை. ஆனால் கண் மருத்துவர் எல்லாச் சோதனைகளையும் முடித்து, நோய் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் மனத்தைக் காரணமாகச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மூளைக் கட்டியும் நரம்பு அழற்சியும்கூட ஆரம்பத்தில் இதேபோல் தோன்றக்கூடும்.

இதற்கு நேர் எதிரான ஒன்று முதியவர்களிடம் உண்டு. பார்வை பெரிதும் குறைந்தபின் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: முற்றத்தில் குட்டி மனிதர்கள், சுவரில் பூ வேலைப்பாடு, அறியாத முகங்கள். தகவல் வராமல் கிடக்கும் மூளை தானாகவே படங்களை உண்டாக்கிக்கொள்வதால் வருவது இது. சார்ல்ஸ் பொனே என்ற சுவிஸ் அறிஞர் தம் தாத்தாவுக்கு இப்படி இருந்ததை 1760-இல் எழுதிவைத்தார். தெரிவது உண்மையன்று என்று அந்த முதியவர்களுக்கே தெரியும். ஆனாலும் பேய் பிடித்தது என்பார்களோ, மனம் பேதலித்துவிட்டது என்பார்களோ என்ற அச்சத்தில் வாயைத் திறப்பதில்லை. உங்கள் அப்பாவிடமும் ஒருமுறை பதமாகக் கேட்டுப் பாருங்கள். இருந்தால், அதற்குப் பெரும்பாலும் விளக்கம் ஒன்றே மருந்து.

அப்பாவுக்கு ஹிப்னாடிசம் பயன்படும் இடத்துக்கு இப்போது வருகிறேன். பக்கப் பார்வை போனவர்கள் மெல்ல மெல்ல வீட்டுக்குள் சுருங்கிவிடுவார்கள். வடசேரி பேருந்து நிலையத்தில் யார் மீதோ இடித்து ஒரு வசவு வாங்கியிருப்பார்கள், ஒரு படியில் தவறியிருப்பார்கள். அதன்பின் வாசலைத் தாண்டவே நெஞ்சு படபடக்கும். தூக்கம் கெடும், மருந்து விடுவதில் சலிப்பு வரும். இந்த அச்சத்துக்கும் தூக்கமின்மைக்கும் சலிப்புக்கும் ஹிப்னாடிசம் நன்றாக உதவுகிறது. ரப்பர் பால்வெட்டும் தொழில் செய்த ஒருவரை இப்படி நடத்தியதைச் சொல்கிறேன். பார்வை குறைந்தவரை ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கச் சொல்வதும், கடற்கரையை மனக்கண்ணில் பாருங்கள் என்பதும் புண்ணைக் கிளறுவதாகும்; ஆகவே நாங்கள் கையிலிருந்து தொடங்கினோம். “அண்ணாச்சி, வலது கை மடியில் இருக்கட்டும். மூச்சு வெளியே போகும்போதெல்லாம் அந்தக் கை கொஞ்சம் பாரமாகுது, சூடாகுது” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே, மூச்சின் வேகத்துக்குச் சொல்லின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தோம். இமை தானாக மூடியது, தோள் இறங்கியது. பிறகு அவருக்குப் பழகிய விடியற்காலைத் தோட்டம்: காலடியில் ஈரச் சருகு, ரப்பர் ஷீட் காயும் வாடை, தூரத்தில் கோயில் பாட்டு. அந்த அமைதியிலிருந்தபடியே வீட்டு வாசல் முதல் தேநீர்க் கடை வரை, கையில் கோலோடு, ஒவ்வொரு திருப்பமாக மனத்தில் நடந்து பார்க்கச் செய்தோம். படபடப்பு வரும் இடத்தில் நின்று, மூச்சைத் தணித்து, மறுபடி நடந்தோம். அதன்பின் நடைப் பயிற்சியாளரோடு உண்மையான சாலையில் நடந்தார். அவருடைய பார்வை ஒரு துளியும் கூடவில்லை. கடைக்குத் தனியாகப் போய் வருகிறார்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களிடம் காட்சிகளைப் பற்றிப் பேசவே கூடாது. தோவாளைச் சந்தையின் பிச்சி மணமும் முட்டத்து அலையின் ஓசையும் அவர்களை அதைவிட விரைவில் அமைதிக்குக் கொண்டுபோகும்.

அறுவை சிகிச்சைப் பயத்துக்கும் இது நல்ல துணை. கண்புரை அறுவையில் பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். முகத்தை மூடிய துணிக்குள் விழித்தபடியே அசையாமல் படுத்திருக்க வேண்டும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கும்; அதற்குப் பயந்து இடையில் நின்றுவிடுகிறவர்கள் பலர். இவர்களுக்கு முன்கூட்டியே மூச்சையும் கவனத்தையும் ஆளக் கற்றுக்கொடுத்தால் சிகிச்சையை முடித்துக்கொள்கிறார்கள். ஹிப்னாடிசம் பார்வையைக் காப்பாற்றுகிறது என்று சொல்லத் தகுந்த இடம் இருக்குமானால் அது இதுதான், அதுவும் மருத்துவரின் ஊசி வழியாகத்தான்.

யாரிடம் போவது என்பது மிச்சம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கண் மருத்துவரின் சீட்டோடு மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வெளியே பார்ப்பதானால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம். மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் அவர்களுடைய மருத்துவரைக் கேட்காமல் ஹிப்னாடிசம் கூடாது. பிள்ளைகளுக்குச் செய்யும்போது பெற்றோர் ஒருவர் அறையில் இருப்பது நல்லது. திடீரென்று மின்னல்போல் ஒளி தெரிவது, பார்வையின் ஒரு பக்கம் திரை இறங்குவது, வாந்தியோடு கடுமையான கண்வலி, ஒரு கண் சட்டென்று இருண்டுபோவது ஆகியவை வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்களிடம் பேசிய பயிற்சியாளரைப் பொறுத்தவரை, அவர் கண்ணாடியைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் பணம் வீண் என்பதோடு விட்டிருப்பேன். சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னதால் அப்பாவை அங்கே அழைத்துப்போக வேண்டாம் என்றே சொல்கிறேன். கண்புரை, கண் அழுத்த நோய், பார்வையின்மை ஆகியவற்றைக் குணமாக்குவதாக மருந்துகளுக்கும் மந்திர தந்திரங்களுக்கும் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்திருக்கிறது. அவர் துண்டறிக்கை எதுவும் கொடுத்திருந்தால் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், அடுத்த முறை கண் மருத்துவரைப் பார்க்கும்போது அவரிடம் காட்டுங்கள். அப்பாவுக்குக் கடைசியாக எப்போது ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அது எடுக்கப்பட வேண்டும். குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்று மருத்துவர் சான்று தந்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கோல் பிடித்து நடக்கும் பயிற்சி எங்கே கிடைக்கும் என்பதை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியலாம்.